கடல் குறுக்கிட்ட இடத்தில் மட்டும்: பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஹெலிகாப்டர்ஸும் அதன் எந்திரங்களும்

1955 ஜூலை மாதம். லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், தேம்ஸ் நதியின் தென்கரையில் டிக்கெட் வாங்கி ஹெலிகாப்டரில் ஏறினால், ஹீத்ரோ விமான நிலையத்தில் போய் இறங்கலாம். பணக்காரர்கள் தனியாக வாடகைக்கு எடுக்கும் சவாரி அல்ல இது. நேர அட்டவணை போட்டு ஓடிய சேவை. நடத்தியது பிரிட்டிஷ் யூரோப்பியன் ஏர்வேஸ் என்ற அரசு விமான நிறுவனம், சுருக்கமாக பிஇஏ. ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை, அடுத்த மே மாதமே நின்றுபோனது. இன்று பறக்கும் டாக்ஸி விடப்போகிறோம் என்று முதலீடு திரட்டுகிறவர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதே யோசனைதான். அதனால்தான் பிஇஏவின் ஹெலிகாப்டர் பிரிவு, பின்னாளில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஹெலிகாப்டர்ஸ் ஆன அந்த நிறுவனம், எங்கே ஜெயித்தது, எங்கே தோற்றது என்று பார்ப்பது இப்போதும் உபயோகமாக இருக்கிறது.

1947ல் தென்மேற்கு இங்கிலாந்தின் யோவில் ஊரில் இந்தப் பிரிவு தொடங்கியது. பெயரிலேயே 'பரிசோதனை' என்ற வார்த்தையைச் சேர்த்துக்கொண்டார்கள். தலைமை ஏற்றவர் ரெஜி பிரை. ஹெலிகாப்டருக்கு முந்தைய தலைமுறையான ஆட்டோஜைரோக்களை ஓட்டிப் பழகிய முன்னோடி. கையில் இருந்தவை அமெரிக்காவின் சிகோர்ஸ்கி எஸ்-51 ரகமும் ஒன்றிரண்டு சின்ன பெல் எந்திரங்களும். 1948ல் கிழக்கு இங்கிலாந்தில் தபால் மூட்டை சுமந்தார்கள். 1950 ஜூன் 1ஆம் தேதி கார்டிஃபிலிருந்து ரெக்ஸம் வழியாக லிவர்பூலுக்குப் பயணிகள் சேவை ஆரம்பம். உலகிலேயே முதன்முதலாக அட்டவணைப்படி தொடர்ந்து ஓடிய பயணி ஹெலிகாப்டர் சேவை என்று இதைத்தான் சொல்வார்கள்.

பெருமை எல்லாம் சரி, கணக்குதான் உதைத்தது. எஸ்-51ல் விமானியைத் தவிர மூன்று பேர்தான் உட்கார முடியும். ஒரே ஒரு பிஸ்டன் இன்ஜின். மூன்று டிக்கெட் காசில் விமானி, மெக்கானிக், பெட்ரோல், உதிரி பாகம் எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும். 1951 மார்ச்சோடு கடையைக் கட்டினார்கள். அடுத்து வந்த வாட்டர்லூ சேவையில் வெஸ்ட்லண்ட் விர்ல்விண்ட் என்ற சற்றே பெரிய எந்திரம் ஓடியது. அதற்கும் ஒற்றை இன்ஜின். நகரத்துக்கு மேலே இன்ஜின் நின்றுவிட்டால் எங்கே இறக்குவது? ஆகவே அடியில் மிதவைகளைக் கட்டி, தேம்ஸ் நதியின் வளைவுகளை ஒட்டியே ஓட்டினார்கள். ஊரின் குறுக்கே நேராகப் பறந்து நேரத்தை மிச்சம் பிடிப்பதற்குத்தான் ஹெலிகாப்டர். அதைக் கொண்டுவந்து ஆற்றின் போக்கில் வளைந்து வளைந்து ஓட்டச் சொன்னால் மிச்சம் என்ன இருக்கும்?

பிஇஏ விடாப்பிடியாக இன்னும் பெரிய எந்திரம் கேட்டது. அந்தக் கேள்விக்குப் பதிலாகப் பிறந்ததுதான் ஃபேரி ரோட்டோடைன். பாதி விமானம், பாதி ஹெலிகாப்டர், 40 பேர் உட்காரலாம். 1957ல் முதன்முதலாகப் பறந்தது. 1959 ஜனவரியில் மணிக்கு 307 கி.மீ. வேகத்தில் உலக சாதனையும் செய்தது. ஆனால் மேலெழும்போதும் இறங்கும்போதும் அதன் ரோட்டர் முனைகளில் இருந்த ஜெட்கள் போட்ட சத்தம் பயங்கரம். இப்படிக் கத்தும் ஒன்றை நகரத்தின் நடுவில் எப்படி இறக்குவது என்ற கேள்வி கடைசிவரை தீரவில்லை. செலவும் ஏறிக்கொண்டே போக, 1962 பிப்ரவரியில் திட்டத்தைக் கைவிட்டார்கள். இன்றைக்கும் பிரிட்டனின் விமானப் பிரியர்களிடம் ரோட்டோடைன் பேச்சை எடுத்தால் பெருமூச்சு விடுவார்கள். எனக்கென்னவோ அது வந்திருந்தாலும் லண்டனில் ஓடியிருக்காது என்றுதான் தோன்றுகிறது. நகரத்துக்குள் ஹெலிகாப்டரின் போட்டி ரயிலும் காரும். இரண்டும் மலிவு, இரண்டும் பனிமூட்டத்தில் ஓடும்.

1964 ஜனவரியில் இந்தப் பிரிவு பிஇஏ ஹெலிகாப்டர்ஸ் என்ற தனி நிறுவனமானது. மே மாதம் அது எடுத்த முடிவுதான் அதைப் பிழைக்க வைத்தது: இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பால் கடலில் கிடக்கும் சில்லித் தீவுகளுக்குப் போவது. சுமார் 2,000 பேர் வசிக்கும் தீவுக்கூட்டம். நார்சிசஸ் பூ விவசாயமும் சுற்றுலாவும்தான் பிழைப்பு. கப்பலில் போனால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் கடல் எப்படிப்பட்டது என்பது வாந்தி எடுத்தவர்களுக்குத் தெரியும். அதுவரை ஓடிக்கொண்டிருந்தவை டி ஹாவிலண்ட் ராப்பிட் என்ற 1930களின் துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானங்கள். அவற்றின் இடத்துக்கு வந்தது சிகோர்ஸ்கி எஸ்-61என்.

அந்த எந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எஸ்-61என்னின் அடிப்பகுதி படகு மாதிரியே நீர் புகாத வடிவம்; இரு பக்கமும் சக்கரங்களை மடக்கி வைத்துக்கொள்ளும் மிதவைகள். அவசரம் என்றால் தண்ணீரில் உட்காரலாம். ஆனால் இன்ஜின்களும் கியர்பாக்ஸும் தலைக்கு மேலே இருப்பதால் பாரம் முழுக்க மேல்பக்கம். பெரிய அலை அடித்தால் கவிழ்ந்துவிடும் என்ற பயம் எப்போதும் உண்டு. ஐந்து இறக்கைகள் கொண்ட ரோட்டரின் விட்டம் சுமார் 19 மீட்டர். முக்கியமான மாற்றம் இன்ஜினில். இரண்டு டர்பைன்கள், ஒன்று நின்றாலும் மற்றொன்று வீடு சேர்க்கும். மூன்று பேரை ஏற்றிய எஸ்-51ல் தொடங்கியவர்கள் இப்போது 30 பேர் வரை ஏற்றினார்கள்.

அதே வருடம் செப்டம்பரில் பென்சான்ஸ் ஊரின் ஓரத்தில், ரயில் நிலையத்திலிருந்து அதிக தூரமில்லாத இடத்தில், இந்தச் சேவைக்காகவே ஒரு ஹெலிபோர்ட் கட்டினார்கள். லண்டன் ரயிலில் வந்து இறங்கி, ஹெலிகாப்டர் மாறி, 20 நிமிடத்தில் சில்லியின் செயின்ட் மேரிஸ் தீவு. பல தலைமுறைத் தீவுக் குழந்தைகளுக்கு ஹெலிகாப்டர் என்பது நம் ஊர் டவுன் பஸ் போலத்தான் இருந்தது. பல் டாக்டரைப் பார்க்க, உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போக என்று எல்லாவற்றுக்கும் அதுதான். உலகத்தில் வேறு எங்கும் ஹெலிகாப்டரை ஜனங்கள் இத்தனை சாதாரணமாக எடுத்துக்கொண்டிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

தீவு பெயரைக் கொடுத்தது. பணத்தைக் கொடுத்தது வடகடல். 1965ல் அங்கே இயற்கை வாயு கிடைத்தது. கண்டுபிடித்த சீ ஜெம் என்ற துரப்பண மேடை அதே டிசம்பரில் சரிந்து 13 பேர் இறந்தார்கள். எப்படிப்பட்ட இடத்தில் வேலை பார்க்கப் போகிறோம் என்பது ஆரம்பத்திலேயே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. வாயு வயல்களுக்கு ஆட்களைக் கொண்டுபோக இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் பெக்கிள்ஸ் தளம் முளைத்தது. அப்புறம் எண்ணெய் வடக்கே கிடைக்கத் தொடங்கியதும் ஸ்காட்லாந்தின் அபர்டீன், ஷெட்லாந்து தீவின் சம்பரோ. 1974ல் பிஇஏவும் பிஓஏசி என்ற இன்னொரு அரசு விமான நிறுவனமும் இணைந்து பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஆனபோது, இதுவும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஹெலிகாப்டர்ஸ் என்று பெயர் மாறியது.

எண்ணெய்த் தொழிலாளிக்கு இந்தப் பயணம் டவுன் பஸ் அல்ல. தலையிலிருந்து கால்வரை மூடும் ரப்பர் உடுப்பு. கழுத்தையும் மணிக்கட்டையும் இறுக்கிப் பிடிக்கும்; உள்ளே வியர்த்து ஊற்றும். கீழே கடல் நீரின் குளிர், உடுப்பு இல்லாதவனைச் சீக்கிரமே செயலிழக்க வைத்துவிடும். காதை அடைக்கும் சத்தம், எலும்பு வரைக்கும் போகும் அதிர்வு. இரண்டு வாரம் மேடையில் வேலை, பிறகு அதே வழியில் வீடு. எஸ்-61 என்ற பெயரைக் கேட்டதும் அந்தத் தலைமுறை ஆட்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அதன் மண்ணெண்ணெய் வாசனையாகத்தான் இருக்கும்.

1970களில் கண்டுபிடித்த பிரென்ட் போன்ற வயல்கள் மிகவும் வடக்கே, ஷெட்லாந்துக்கும் அப்பால். அபர்டீனிலிருந்து சுமார் 500 கி.மீ. எஸ்-61 அவ்வளவு தூரம் ஒரே மூச்சில் போய் வர முடியாது. ஆகவே தொழிலாளர்களை விமானத்தில் சம்பரோ கொண்டுபோய், அங்கே ஹெலிகாப்டருக்கு மாற்றினார்கள். சம்பரோவில் பனிமூட்டம் வந்தால் எல்லாம் நின்றது. இந்த இடைத்தரகு ஊரைத் தவிர்க்க நிறுவனம் ஒரு துணிச்சலான முடிவெடுத்தது. ராணுவச் சரக்கு ஹெலிகாப்டரான சினூக்கைப் பயணிகள் விமானமாக மாற்றித் தரச் சொல்லி போயிங்கிடம் கேட்டது.

அப்படி வந்த போயிங் 234 சினூக் 1981 ஜூலையில் வேலைக்கு இறங்கியது. 44 பயணிகள். ஜெட் விமானம் போலவே இருக்கை வரிசைகள், தலைக்கு மேலே பை வைக்கும் அலமாரி, கழிப்பறை, கூடவே ஒரு கேபின் ஊழியர். உடலின் இரு பக்கமும் நீளமாக எரிபொருள் டேங்க். அபர்டீனிலிருந்து நேராக பிரென்ட் வயலுக்கு. பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். ஹெலிகாப்டரில் காபி குடித்துக்கொண்டு போன காலம் அது ஒன்றுதான்.

ஆனால் சினூக்கின் வடிவத்திலேயே ஒரு நிபந்தனை இருந்தது. முன்னும் பின்னுமாக இரண்டு பெரிய ரோட்டர்கள். அவை சுழலும் வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியும். ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாறி மாறி உலக்கை போடுவது மாதிரி, ஒன்றின் இறக்கை விலகும் நேரத்தில்தான் மற்றதன் இறக்கை அந்த இடத்துக்கு வர வேண்டும். இரண்டு ரோட்டர்களின் தாளத்தையும் பிசகாமல் வைத்திருப்பது முன்னும் பின்னும் இருக்கும் கியர்பாக்ஸ்களும் அவற்றை இணைக்கும் தண்டும். 1984 மே மாதம் காமரண்ட் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடைக்கு அருகே ஒரு சினூக் கடலில் இறங்க நேர்ந்தது. அதிலிருந்த 47 பேரும் உயிர் பிழைத்தார்கள். அதை ஒரு நல்ல சகுனமாகக்கூட எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

அதற்கு முந்தைய வருடம் பழைய எஸ்-61ல் பெரிய அடி விழுந்திருந்தது. 1983 ஜூலை 16, பென்சான்ஸிலிருந்து சில்லிக்கு வழக்கமான பயணம். எந்திரத்தில் ஒரு கோளாறும் இல்லை. கடல் கண்ணாடி போல அலையில்லாமல் கிடந்தது; மேலே மங்கல். கடலும் வானமும் ஒரே நிறமாகிவிட்டால் அடிவானம் கண்ணில் படாது. விமானிகள் கருவிகளைவிட வெளியே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஹெலிகாப்டர் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருந்ததை உணரவில்லை. தண்ணீரில் மோதியது. 26 பேரில் 20 பேர் இறந்தார்கள். மிஞ்சிய ஆறு பேரைச் செயின்ட் மேரிஸ் உயிர்காப்புப் படகு வந்து தூக்கியது. அதன் பிறகுதான், உயரம் குறைந்தால் வாய்விட்டுச் சொல்லி எச்சரிக்கும் கருவி பிரிட்டனின் கடல் ஹெலிகாப்டர்களுக்குக் கட்டாயம் வேண்டும் என்ற பேச்சு வலுத்து, நடைமுறைக்கும் வந்தது. இருபது ஆண்டு தினசரிப் பழக்கத்தில் ஊறிய பாதையில் இப்படி நடந்ததுதான் அந்த ஊர்க்காரர்களை அதிகம் உலுக்கியது.

நகரக் கனவையும் நிறுவனம் முழுசாக விட்டுவிடவில்லை. 1978 முதல் லண்டனின் இரண்டு விமான நிலையங்களான ஹீத்ரோவையும் கேட்விக்கையும் ஓர் எஸ்-61 இணைத்தது. பிரிட்டிஷ் கலிடோனியன் விமான நிறுவனமும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து போட்ட ஏற்பாடு. ஓட்டியது பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஹெலிகாப்டர்ஸ். பதிவு எண்ணே ஜி-லிங்க் என்று கேட்டு வாங்கியிருந்தார்கள். பறக்கும் நேரம் கால் மணி. பாதையின் கீழே குடியிருந்தவர்கள் சத்தம் தாங்கவில்லை என்று வருடக்கணக்கில் புகார் செய்தார்கள். பிறகு எம்25 சுற்றுச்சாலையில் இந்த இரண்டு நிலையங்களுக்கும் இடையிலான பகுதி திறந்தது. காரில் ஒரு மணி நேரத்துக்குள் போகலாம் என்றான பிறகு ஹெலிகாப்டருக்கு என்ன நியாயம்? 1986 பிப்ரவரியில் சேவை நின்றது. வாட்டர்லூவுக்கு நடந்த அதே கதைதான். எந்திரம் மட்டும் பெரிது.

இந்த நிறுவனம் வாங்கிய இன்னொரு எந்திரத்தின் கதை இந்தியா வரை வந்தது. யோவிலில் இருந்த வெஸ்ட்லண்ட் நிறுவனம், லின்க்ஸ் என்ற தன் ராணுவ ஹெலிகாப்டரின் ரோட்டரையும் கியர்பாக்ஸையும் எடுத்து, அதன் கீழே ஒரு பெரிய பெட்டி மாதிரி உடலைத் தொங்கவிட்டு வெஸ்ட்லண்ட் 30 என்று பெயர் வைத்தது. 1982ல் முதன்முதலில் வேலைக்கு எடுத்தது பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஹெலிகாப்டர்ஸ்தான். பெக்கிள்ஸிலிருந்து வாயு மேடைகளுக்கு ஓட்டினார்கள். சின்ன ரோட்டருக்குப் பெரிய உடல். சுமையும் தூரமும் சேர்ந்தால் திணறும். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸிலும் நியூயார்க்கிலும் விமான நிலையச் சேவைக்கு எடுத்தவர்கள் சீக்கிரமே ஓய்ந்தார்கள். மொத்தம் தயாரானதே 40 சொச்சம்.

அதில் 21 இந்தியாவுக்கு. 1985ல் உருவான, பிறகு பவன் ஹன்ஸ் என்று பெயர் பெற்ற அரசு ஹெலிகாப்டர் நிறுவனத்துக்காக. பணம் பிரிட்டனின் வளர்ச்சி உதவி நிதியிலிருந்து: 6.5 கோடி பவுண்டு. ஏழை நாட்டுக்கான உதவி என்று பெயர். உண்மையில் ஆர்டர் இல்லாமல் மூழ்கிக்கொண்டிருந்த வெஸ்ட்லண்டுக்கு அது உயிர்மூச்சு. அந்த நிறுவனத்தைக் காப்பாற்ற வேண்டியது அமெரிக்காவின் சிகோர்ஸ்கியா, ஐரோப்பியக் கூட்டணியா என்ற சண்டையில் 1986 ஜனவரியில் மைக்கேல் ஹெசல்டைன், லியோன் பிரிட்டன் என்று தாட்சர் அமைச்சரவையின் இரண்டு பேர் ராஜினாமா செய்யும் அளவுக்கு விஷயம் முற்றியிருந்தது. வெப்ப நாட்டில், மலை உயரத்தில், ஏற்கெனவே சக்தி போதாத எந்திரம் எப்படி நடந்துகொள்ளும் என்பது யூகிக்க முடியாத விஷயமல்ல. உயிரிழப்புள்ள விபத்துகளுக்குப் பிறகு 1991ல் மொத்தக் கூட்டத்தையும் தரையில் நிறுத்திவிட்டார்கள். கடைசியில் மிஞ்சியவை 10 லட்சம் பவுண்டுக்கும் குறைவான மொத்த விலைக்குப் பிரிட்டிஷ் வியாபாரி ஒருவர் கைக்கே திரும்பிப் போயின. அதே காலத்தில் பிரான்ஸிடம் வாங்கிய டாஃபின் ஹெலிகாப்டர்கள் பவன் ஹன்ஸில் பல பத்தாண்டுகள் எண்ணெய் மேடைகளுக்கு உழைத்தன என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

1986 எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொண்டுவந்தது. கச்சா எண்ணெய் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. வடகடலில் செலவு வெட்டல். தனியார்மயத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஹெலிகாப்டர் கிளையைப் பத்திரிகை அதிபர் ராபர்ட் மேக்ஸ்வெல்லுக்கு விற்றது. பெயர் பிரிட்டிஷ் இன்டர்நேஷனல் ஹெலிகாப்டர்ஸ் ஆனது. புதுப் பெயரில் சில வாரங்கள்தான் போயிருந்தன. நவம்பர் 6ஆம் தேதி, பிரென்ட் வயலிலிருந்து 44 பேரையும் மூன்று ஊழியர்களையும் ஏற்றிக்கொண்டு சம்பரோவை நெருங்கிய சினூக்கின் முன்பக்க கியர்பாக்ஸில் ஒரு பல்சக்கரம் உடைந்தது. ரோட்டர்களின் தாளம் தப்பியது. இறக்கைகள் ஒன்றோடொன்று மோதின. தரைக்கு இன்னும் நான்கு கிலோமீட்டர்தான் இருந்தது. 45 பேர் இறந்தார்கள். தற்செயலாகச் சற்று முன் கிளம்பியிருந்த கடலோரக் காவல் ஹெலிகாப்டர் இரண்டு பேரை உயிரோடு தூக்கியது. உடைந்த சக்கரம் மாற்றி வடிவமைத்துப் பொருத்தப்பட்டது என்பதும், உலோகக் களைப்பால் அதில் விரிசல் ஓடியதை வழக்கமான பரிசோதனை காட்டிக்கொடுக்கவில்லை என்பதும் விசாரணையில் வந்தன.

வடகடலில் சினூக்கின் கதை அத்தோடு முடிந்தது. ஏறமாட்டோம் என்று தொழிலாளர்கள் சொன்னபிறகு எந்த எண்ணெய் நிறுவனமும் வற்புறுத்தவில்லை. மிஞ்சிய சினூக்குகளை அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் இருக்கும் கொலம்பியா ஹெலிகாப்டர்ஸ் வாங்கியது. கழிப்பறையும் அலமாரியும் கழன்றன. கீழே கயிறு கட்டி மலைக்காட்டிலிருந்து மரம் தூக்கவும் காட்டுத் தீயில் தண்ணீர் ஊற்றவும் போயின. அந்த வேலையில் பல பத்தாண்டுகள் நன்றாகவே ஓடின. எந்திரம் மோசமல்ல என்று அதன் ரசிகர்கள் இதைக் காட்டித்தான் வாதாடுவார்கள். 44 பேரை ஏற்றும் வேலை வேறு, மரம் தூக்கும் வேலை வேறு என்பது என் பதில்.

மேக்ஸ்வெல் 1991ல் இறந்து அவர் சாம்ராஜ்யம் சரிந்த பிறகு நிறுவனம் கைமாறிக் கைமாறி, 1990களின் நடுவில் ஒரு கனடிய நிறுவனத்திடம் போனது. பிறகு சில்லிப் பாதை மட்டும் பழைய பெயரோடு தனியாகப் பிரிந்தது. அதே எஸ்-61 ரகம்தான் 2012 வரை ஓடியது. உதிரி பாகமும் பராமரிப்பும் விலை ஏறிக்கொண்டே போக, பென்சான்ஸ் ஹெலிபோர்ட் நிலத்தை சூப்பர் மார்க்கெட்டுக்கு விற்றார்கள். 2012 அக்டோபர் 31ஆம் தேதி கடைசிப் பயணம். 48 ஆண்டுகள்.

தீவுக்காரர்களுக்கு உடனே வலித்தது. குளிர்காலத்தில் பயணிக் கப்பல் ஓடாது. மிஞ்சியது லேண்ட்ஸ் எண்ட் என்ற நிலமுனையில் இருக்கும் சின்ன விமான நிலையம். அப்போது அதன் ஓடுபாதை புல்தரை. அந்தக் குளிர்காலமே மழையில் ஊறிச் சேறாகி, நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. ஆஸ்பத்திரி வேலையாகப் போனவர்களும் பள்ளி விடுமுறைக்கு வர வேண்டிய பிள்ளைகளும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாட்டிக்கொண்டார்கள். 2014ல்தான் தார் போட்ட ஓடுபாதை வந்தது. ஹெலிகாப்டரைத் திரும்பக் கொண்டுவர பென்சான்ஸில் புது ஹெலிபோர்ட்டுக்கு அனுமதி கேட்டபோது, கப்பலும் விமானமும் ஓட்டும் உள்ளூர் நிறுவனம் நீதிமன்றம் வரை போய் எதிர்த்தது. அதனால் மேலும் சில ஆண்டுகள் தாமதம். 2020ல் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே சேவை மறுபடி தொடங்கியது. எந்திரம் லியனார்டோவின் ஏடபிள்யூ139, வெஸ்ட்லண்டை விழுங்கிய இத்தாலிய நிறுவனம் தயாரித்தது. இருக்கைகள் 15, அதாவது எஸ்-61 ஏற்றியதில் ஏறக்குறைய பாதி. பயண நேரம் கால் மணி.